கோப்பை ஒரு கையில், பதிவேட்டில் சமன்: கூடுதல் நேரத் தகராறை எப்படித் தீர்ப்பது?

கேள்வி: நான் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குடும்பத்துடன் வசிக்கிறேன். என் மகன் கல்லூரி கிளப் அணி ஒன்றில் ஐஸ் ஹாக்கி கோல்கீப்பராக ஆடுகிறான். ஜனவரியில் ஒரு வார இறுதியில் நான்கு கல்லூரிகளின் கிளப் அணிகள் மோதும் போட்டியை நடத்தும் குழுவில் நானும் ஒரு தன்னார்வலர். இந்த ஆண்டு இறுதியாட்டம் 2-2 என்று முடிந்தது. எங்கள் கையேட்டில் "ஆட்டம் சமனில் நின்றால் வெற்றியாளர் தெரியும் வரை கூடுதல் நேரம் ஆடப்படும்" என்று இருக்கிறது. அட்டவணையின் அடிக்குறிப்பிலோ "5 நிமிடம் மூவருக்கு மூவர், பிறகு ஷூட்-அவுட்" என்று இருக்கிறது. (கோல்கீப்பர் தவிர அணிக்கு வழக்கமான ஐவருக்குப் பதில் மூவர் ஆடுவது மூவர் ஆட்டம்; ஆட்டக்காரர் ஒவ்வொருவராகக் கோல்கீப்பரைத் தனியாக எதிர்கொண்டு கோல் போட முயல்வது ஷூட்-அவுட்.) நடுவர் இரு அணித் தலைவர்களையும் அழைத்து அடிக்குறிப்பின்படியே நடக்கும் என்று சொன்னார். அப்படியே நடந்து, என் மகனின் அணி ஷூட்-அவுட்டில் தோற்றது. சில நாள் கழித்து மகனுடைய அணியின் பயிற்சியாளர், "சென்ற ஆண்டு ஐவருக்கு ஐவர்தான் ஆடினோம், இந்த முடிவு செல்லாது, கோப்பையைப் பகிர்ந்தளிக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். கிளப் அணிகளின் சங்கமோ இந்த ஆட்டத்தைச் சமன் என்றே பதிவு செய்திருப்பதால் அவர் வாதம் வலுத்துவிட்டது. முடிவு செல்லுமா? அடுத்த ஆண்டு விதியை எப்படி எழுதுவது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

கல்லூரிப் போட்டிகளுக்கும் இளையோர் போட்டிகளுக்கும் விதிநூல் எழுதித் தருவதும், புகார் எழுந்தால் ஆவணங்களைப் படித்துக் குழுவுக்குக் கருத்துச் சொல்வதும் என் தொழில் என்பதால், உங்கள் கடிதத்துடன் நீங்கள் இணைத்திருந்த கையேட்டுப் பக்கத்தையும் அட்டவணையையும் இரண்டு முறை படித்தேன். முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன்: முடிவு செல்லும், கோப்பை வென்ற அணியிடமே இருக்க வேண்டும். சங்கம் அதைச் சமன் என்று எழுதியிருப்பதும் சரிதான். இந்த இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல என்பதை உங்கள் குழு தெளிவாகப் புரிந்துகொண்டால் தகராறில் பாதி தீர்ந்துவிடும்.

சமனில் நிற்கும் ஒரு போட்டி ஆட்டத்தின் முன் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. யார் அடுத்த சுற்றுக்குப் போவது அல்லது கோப்பையைத் தூக்குவது என்பது ஒன்று. பருவம் முழுவதற்குமான கணக்கில் அந்த ஆட்டம் எப்படி எழுதப்படுவது என்பது மற்றொன்று. முதலாவதற்குப் பதில் சொல்லும் அதிகாரம் போட்டியை நடத்துபவருடையது. இரண்டாவது, அணிகளைத் தரவரிசைப்படுத்தும் அமைப்பினுடையது. அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியில் இந்த இரண்டு பதில்களும் பலமுறை வேறுபட்டிருக்கின்றன. அதுவும் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, எல்லோரும் பார்க்கும் மேடையிலேயே வேறுபட்டிருக்கின்றன.

பாஸ்டன் நகரின் பீன்பாட் போட்டியை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பாஸ்டன் காலேஜ், பாஸ்டன் யுனிவர்சிட்டி, ஹார்வர்ட், நார்த்ஈஸ்டர்ன் ஆகிய நான்கு கல்லூரிகளும் 1952 முதல் மோதிவரும் அந்தப் போட்டியில் நெடுங்காலம் ஒரே வழக்கம்தான் இருந்தது: சமன் என்றால் 20 நிமிடக் கூடுதல் ஆட்டம், ஐவருக்கு ஐவர், முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடிந்தது. ஆனால் 2020 இறுதியாட்டத்தில் நார்த்ஈஸ்டர்ன் அணி பாஸ்டன் யுனிவர்சிட்டியை இரண்டாவது கூடுதல் ஆட்டத்தில் 5-4 என வென்றபோது, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் கணக்கில் அது சமன் என்றே பதிவாயிற்று. ஏனெனில் அந்தக் கணக்குக்கு முதல் 5 நிமிடக் கூடுதல் நேரத்தோடு ஆட்டம் முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு ஆடியதெல்லாம் கோப்பைக்காக மட்டுமே ஆடியது. 2023 இறுதியாட்டத்தில் வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. நார்த்ஈஸ்டர்னும் ஹார்வர்டும் 2-2 என நின்றன, மூவருக்கு மூவர் ஆடிய 5 நிமிடத்தில் கோல் விழவில்லை, அந்தப் போட்டியின் வரலாற்றில் முதல்முறையாக ஷூட்-அவுட் நடந்தது, நார்த்ஈஸ்டர்ன் கோப்பையைத் தூக்கியது. பதிவேட்டில் 2-2 சமன். பழைய ரசிகர்களுக்கு அது பிடிக்கவே இல்லை. ஆனால் பதிவேட்டில் சமன் என்று இருப்பதால் ஹார்வர்டுக்கும் கோப்பையில் பாதி உண்டு என்று யாரும் கோர முடியாது. உங்கள் குழு பயிற்சியாளருக்கு எழுதும் பதிலில் இந்த ஓர் எடுத்துக்காட்டே போதும்.

இனி ஆவணங்களுக்கு வருவோம். கையேடும் அடிக்குறிப்பும் முரண்படுகின்றன என்று பயிற்சியாளர் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையேட்டு வரி, வெற்றியாளர் ஒருவர் தெரிந்தாக வேண்டும் என்கிறது. அதை எந்த முறையில் தெரிந்துகொள்வது, களத்தில் எத்தனை பேர், எத்தனை நிமிடம் என்பது பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடிக்குறிப்பு சொல்வது அந்த முறையை. பொது விதி ஒன்றும் அதன் கீழ் வரும் குறிப்பான விதி ஒன்றும் சேர்ந்து பொருள் தருமானால், அவற்றைச் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது விதிகளைப் படிக்கும் எவருக்கும் அரிச்சுவடி. "கூடுதல் நேரம் ஆடப்படும்" என்ற சொற்களுக்குள் ஷூட்-அவுட் அடங்காது என்று அவர் நுணுக்கமாக வாதிடலாம். வாதிடட்டும், அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனால் அந்த வாதத்தை எழுப்ப வேண்டிய நேரம், நடுவர் அணித் தலைவர்களை அழைத்து முறையை அறிவித்த அந்த இரண்டு நிமிடம். அப்போது ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. அவருடைய அணி களமிறங்கியது, மூன்று ஆட்டக்காரர்களின் பெயரையும் கொடுத்தது, முயன்றது, தோற்றது. வென்றிருந்தால் இந்த மின்னஞ்சல் வந்திருக்காது என்பதை நீங்களும் நானும் அறிவோம். அறிவிக்கப்பட்ட முறையை ஏற்று ஆடிய பிறகு, முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக அந்த முறையை மறுக்க முடியாது.

சென்ற ஆண்டின் வழக்கம் பற்றிய வாதமும் நிற்காது. எழுத்தில் ஒன்றும் இல்லாத இடத்தில்தான் வழக்கம் பேசும்; இங்கே எழுத்து இருக்கிறது, அது சிறிய எழுத்தில் அடிக்குறிப்பாக இருந்தாலும் இருக்கிறது. எனினும் உங்கள் குழு ஒரு குறையை ஏற்க வேண்டும். முறை மாறியதை அணிகளுக்குத் தனியாகத் தெரிவிக்காமல் அட்டவணையின் அடியில் நுழைத்தது சரியான செயல் அல்ல. அதற்காக வருத்தம் தெரிவிப்பது நாகரிகம். அதற்காகக் கோப்பையைப் பகிர்வது, வென்ற அணிக்கு இழைக்கும் அநீதி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நீங்கள் கேட்காவிட்டாலும். உங்கள் மகன் தோற்ற அணியின் கோல்கீப்பர். இந்தப் புகாரில் நீங்கள் வாக்களிக்கவோ பதில் கடிதத்தை வரையவோ கூடாது. நீங்கள் நேர்மையானவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் எந்தப் பக்கம் தீர்ப்பு வந்தாலும் அதை உங்கள் பெயரோடு சேர்த்துத்தான் பேசுவார்கள். கூட்டக் குறிப்பில் "இவர் இந்தப் பொருளில் விலகியிருந்தார்" என்று ஒரு வரி எழுதச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அடுத்த ஆண்டுக்கான விதியே எனக்கு முக்கியமான பகுதி. அதற்கு முன், இரண்டு முறைகளைப் பற்றியும் நடக்கும் நிரந்தரச் சண்டையில் இரு தரப்பும் சொல்வதில் எது உண்மை என்று பார்த்துவிடுவோம்.

என்.சி.ஏ.ஏ. 2020-21 பருவத்திலிருந்து வழக்கமான பருவ ஆட்டங்களுக்கு 5 நிமிட மூவர் ஆட்டத்தை நாடு முழுவதற்கும் ஒரே விதியாக்கியது. அதற்கு முன் ஐவர் ஐவராக 5 நிமிடம் ஆடி, கோல் விழாவிட்டால் சமன் என்று கைகுலுக்கிப் போவார்கள். அதன் பின் கூடுதல் புள்ளிக்காக மூவர் ஆட்டமோ ஷூட்-அவுட்டோ வைப்பது அந்தந்தக் கான்ஃபரன்ஸின் (கல்லூரி அணிகள் சேர்ந்து ஆடும் குழுமத்தின்) விருப்பம், மேற்குப் பக்கத்துக் கான்ஃபரன்ஸ்கள் சில வைத்தன, கிழக்கே ஹாக்கி ஈஸ்ட் போன்றவை நெடுநாள் வைக்கவில்லை. இப்போதும் மூவர் ஆட்டத்தில் கோல் விழாவிட்டால் அது சமன்தான். ஷூட்-அவுட் கான்ஃபரன்ஸ் புள்ளிக்காக மட்டும், அல்லது பருவத்தின் நடுவே நடக்கும் போட்டிகளில் முன்னேறும் அணியைத் தீர்மானிப்பதற்காக மட்டும். மூவர் ஆட்டத்தில் பெற்ற வெற்றிக்கும் முழு நேர வெற்றிக்கும் தரவரிசைக் கணக்கில் ஒரே மதிப்பு இல்லை. அதாவது, விதியை எழுதியவர்களே அதை முழுமையான ஹாக்கியாகக் கருதவில்லை.

இதற்கு மறுபுறம், கான்ஃபரன்ஸ்களின் பருவ இறுதிச் சுற்றுகளான பிளேஆஃப்களிலும் 16 அணிகள் ஆடும் தேசியப் போட்டியிலும் பழைய முறையே நீடிக்கிறது: 20 நிமிடம், ஐவருக்கு ஐவர், கோல் விழும் வரை. அது சில சமயம் சட்டென்று முடியும். 2023 தேசிய இறுதியாட்டத்தில் குவின்னிபியாக் அணியின் ஜேக்கப் குவில்லன் கூடுதல் நேரம் தொடங்கிப் 10 விநாடியில் மின்னசோட்டாவுக்கு எதிராகக் கோல் போட்டுவிட்டார். சில சமயம் முடியவே முடியாது. 2015 மார்ச்சில் ஹாக்கி ஈஸ்ட் முதல் சுற்றில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக அணி நோட்டர் டேமை ஐந்தாவது கூடுதல் ஆட்டத்தில் 4-3 என வென்றபோது, மொத்தம் 151 நிமிடம் 42 விநாடி ஆடியிருந்தார்கள். கல்லூரி ஹாக்கியின் உயர்மட்டமான முதல் டிவிஷன் ஆண்கள் ஆட்டங்களில் அதுவே மிக நீண்டது. அது மூன்று ஆட்டத் தொடரின் முதல் ஆட்டம். அந்த இரவை வென்ற மாசசூசெட்ஸ் அணி அடுத்த இரண்டையும் இழந்து தொடரைக் கோட்டைவிட்டது. 2021 தேசியப் போட்டியில் மின்னசோட்டா டுலூத் அணி நார்த் டகோட்டாவை 3-2 என வென்ற ஆட்டமும் ஐந்தாவது கூடுதல் ஆட்டம் வரை, 142 நிமிடத்துக்கு மேல் போனது. அங்கே பலரும் மறந்துவிடும் ஒரு விவரம் இருக்கிறது: டுலூத் அணிக்கு முந்தைய நாள் ஆட்டமே இல்லை, எதிரணியாக வரவேண்டிய மிச்சிகன் கோவிட் காரணமாக விலகியிருந்தது, நார்த் டகோட்டாவோ முந்தைய இரவு முழு ஆட்டம் ஆடிவிட்டு வந்திருந்தது. ஆகவே, ஐவர் ஆட்டம்தான் நேர்மையானது என்பவர்கள் உடல் களைப்பையும் ஓய்வு நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சனி, ஞாயிறு இரண்டு நாளிலும் ஆடும் உங்கள் கிளப் அணிகளில், அதுவும் பெஞ்சில் ஆள் குறைவாக இருக்கும் அணிகளில், மூன்றாவது கூடுதல் ஆட்டம் என்பது வீரமல்ல, காயம்.

ஆனால் என் சொந்தக் கருத்தைக் கேட்டால், கோப்பையை ஷூட்-அவுட்டில் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. மூவர் ஆட்டத்தைக்கூட நான் ஏற்பேன். அதில் இடம் அகலமாகி, வேகமும் கைத்திறனும் கூடுதல் மதிப்புப் பெறுகின்றன, மூன்றாம் நான்காம் வரிசை ஆட்டக்காரர்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள் என்றாலும், பக் எனும் ரப்பர் வட்டை ஒருவருக்கொருவர் கடத்துவதும் எதிரியைத் தடுப்பதும் அங்கே இன்னும் இருக்கின்றன. ஷூட்-அவுட்டில் அவை இரண்டும் இல்லை. சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்புக்கே இந்த உறுத்தல் இருந்தது: 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் மகளிர் தங்கப் பதக்கம் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே ஷூட்-அவுட்டில் முடிவான பிறகு, தங்கப் பதக்க ஆட்டத்தைக் கோல் விழும் வரை மூவர் ஆட்டமாகவே நீட்டிக்கும் முறைக்கு அது மாறிவிட்டது.

ஆனால் உங்களுக்குத் தடையாக இருப்பது கொள்கை அல்ல, வாடகை. ஐஸ் ரிங்க்கைக் கல்யாண மண்டபத்தைப் போல மணிக்கணக்குப் பார்த்து எடுக்கிறோம். நமக்குப் பின்னால் அடுத்த கூட்டம் காலணியை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும். ஒரு 20 நிமிடக் கூடுதல் ஆட்டம் என்றால், இடைவேளை, ஸாம்போனி வண்டி தளத்தைச் சீராக்கும் நேரம், விசில் ஊதி நிறுத்தும் நேரம் எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்தை ஒதுக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை வாங்க முடியுமா என்பதுதான் உங்கள் குழு முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. வாங்க முடியாதென்றால் ஐவர் ஆட்டம் என்று கையேட்டில் எழுதாதீர்கள். நிறைவேற்ற முடியாத விதியைப் போல ஆபத்தானது வேறில்லை.

வாங்க முடியும் என்றால், நான் இப்படி எழுதுவேன். அரையிறுதிகள் இரண்டும் ஒரே நாளில் அடுத்தடுத்து நடப்பதால், அங்கே 5 நிமிட மூவர் ஆட்டம், பிறகு ஷூட்-அவுட். மறுநாள் ஆட வேண்டிய பையன்களைக் களைப்பாக்க வேண்டாம். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்துக்குக் கூடுதல் நேரமே வேண்டாம், சமன் என்றால் சமன், இரு அணியும் மூன்றாம் இடம். அதில் மிச்சமாகும் நேரம் இறுதியாட்டத்துக்குப் போகட்டும். இறுதியாட்டத்தை அன்றைய கடைசி முன்பதிவாக வைத்து, பின்னால் ஒரு மணி நேரம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முதலில் சங்கத்தின் விதிப்படியான கூடுதல் நேரம். பதிவேட்டுக்கு ஆட்டம் அதோடு முடிகிறது. அதிலும் கோல் இல்லையென்றால் கோப்பைக்காக மட்டும் ஐவருக்கு ஐவர் 20 நிமிடம், முதல் கோலோடு முடிவு. அதுவும் வீணானால் ஷூட்-அவுட். "ரிங்க் நிர்வாகம் குறித்த நேரத்துக்கு முன் முடியாது என்று போட்டி இயக்குநர் கருதினால், 20 நிமிட ஆட்டம் தொடங்கும் முன்பே இரு பயிற்சியாளருக்கும் அதைச் சொல்லி நேராக ஷூட்-அவுட்டுக்குச் செல்லலாம்" என்ற வரியையும் சேருங்கள். தொடங்கிய பிறகு பாதியில் நிறுத்தும் அதிகாரத்தை யாருக்கும் தராதீர்கள். ஒரு பக்கம் பெனால்ட்டி (தவறு செய்தவர் சில நிமிடம் களத்துக்கு வெளியே உட்காரும் தண்டனை) ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்தினால் அன்றிரவு வீடு போய்ச் சேர மாட்டீர்கள். இந்த ஏற்பாட்டைச் சங்கத்துக்கு முன்கூட்டியே அனுப்பி, பதிவு எப்படி இருக்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்வதும் அவசியம்.

சிறிய விஷயங்கள் எனத் தோன்றுபவைதான் பிறகு பெரிதாகின்றன. கூடுதல் நேரத்தில் அணிகள் பக்கம் மாறுமா என்பதை எழுதுங்கள். மாறினால் பெஞ்ச் தற்காப்புப் பக்கத்திலிருந்து தூரமாகிவிடும், ஆள் மாற்றுவது கடினமாகும், மூவர் ஆட்டத்தில் அதனாலேயே கோல் விழும். முழு நேரம் முடியும்போது பெனால்ட்டிப் பெட்டியில் ஒருவர் இருந்தால் மூவர் ஆட்டம் நான்குக்கு மூன்று என்று தொடங்கும். மூவருக்குக் குறைவாகக் களத்தில் இறக்க முடியாது என்பதால் எதிரணிக்குத்தான் ஆள் கூட்டப்படும், இதைப் புதிய தன்னார்வலர்கள் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். பெனால்ட்டி முடியாதவர் ஷூட்-அவுட்டில் பங்கேற்கலாமா, யார் முதலில் முயல்வது, மூன்று முயற்சிக்குப் பின்னும் சமன் என்றால் ஒரே ஆள் மறுபடி வரலாமா என்பவற்றையும் விட்டுவைக்காதீர்கள். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ரஷ்யாவுக்கு எதிராக அமெரிக்காவின் டி.ஜே. ஓஷி மட்டுமே ஆறு முறை முயன்று நான்கு கோல் போட்டதை உங்கள் பையன்கள் காணொளியில் பார்த்திருப்பார்கள். சர்வதேச விதி அதை அனுமதித்தது, வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல். விதியில் அது முடியாது. உங்கள் கையேடு மௌனமாக இருந்தால் இரு பயிற்சியாளர்களும் ஆளுக்கொரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டு வருவார்கள்.

இவை எல்லாவற்றையும் கையேட்டில் ஒரே பக்கத்தில், ஒரே தலைப்பின் கீழ் வைத்து, அட்டவணையில் "கூடுதல் நேரத்துக்குக் கையேட்டின் அந்தப் பக்கத்தைப் பார்க்கவும்" என்பதற்கு மேல் ஒன்றும் அச்சிடாதீர்கள். விதியைப் பற்றிய மறுப்பு எதுவாயினும் கூடுதல் நேரம் தொடங்கும் முன் நடுவரிடம் சொல்லப்பட வேண்டும், அதன் பிறகு ஏற்கப்படாது என்பதும் அதே பக்கத்தில் இருக்கட்டும். பருவம் தொடங்குவதற்கு முன், செப்டம்பரிலேயே, நான்கு பயிற்சியாளர்களுக்கும் அனுப்பிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இப்போது புகார் எழுதியிருக்கும் பயிற்சியாளரை விதியை வரையும் சிறு குழுவில் சேர்க்கும்படியும் சொல்வேன். ஐவர் ஆட்டம் வேண்டும் என்பதில் அவருக்கு அக்கறை இருக்கிறது, அந்தக் கூடுதல் ஒரு மணி நேர வாடகையில் அவருடைய கல்லூரி தன் பங்கைத் தருமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம்.